வங்கக் கழிமுகத்தில் கரையும் வண்டலும்

நம் நாட்டிற்குக் கிழக்கே, வங்காள விரிகுடாவின் தலைப்பில் அமைந்துள்ள வங்கதேசம் ஆறுகள் ஆக்கித் தந்த நாடு. இமயமலையின் தென்புறத்து நீரைக் கங்கையும், அதன் வடபுறத்து நீரைப் பிரம்மபுத்திராவும், மணிப்பூர் மலைகளின் நீரை மேக்னாவும் கொணர்ந்து, அந்நாட்டில் ஒன்றுகூடிக் கடலில் கலக்கின்றன. எல்லை கடந்தபின் கங்கை பத்மா என்றும், பிரம்மபுத்திரா ஜமுனா என்றும் பெயர் பெறுகின்றன. இவ்வாறுகள் ஆண்டுதோறும் சுமந்து வரும் மண் ஏறத்தாழ 100 கோடி டன் எனக் கணக்கிடுவர். அம்மண் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து படிந்து உருவாகிய கழிமுகமே நாட்டின் பெரும்பகுதி. 1,47,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்நிலப்பரப்பில் இன்று ஏறத்தாழ 17 கோடி மக்கள் வாழ்கின்றனர். தென்பால் உள்ள மாவட்டங்களில் நிலம் கடல் மட்டத்தினின்று சில மீட்டரே உயர்ந்தது.

உலகின் வெப்பம் மிகுந்து வருதலும், அதனால் கடல் மட்டம் உயர்ந்து வருதலும் இன்று யாவரும் அறிந்த செய்திகள். 1901-ஆம் ஆண்டிற்கும் 2018-ஆம் ஆண்டிற்கும் இடையே உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது என்று அறிஞர் குழு கணித்திருக்கிறது. வங்கதேசத்திற்கு இது பேரிடர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நாட்டைக் குறித்து எழுதுவோர் பலர், அது இன்றோ நாளையோ நீரில் மூழ்கிப் போகக் கைகட்டிக் காத்திருக்கும் நாடு என்பதுபோல் எழுதிவிடுகின்றனர். கடலோடு எவ்வாறு வாழ்வது என்னும் வினாவை அந்நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாக எதிர்கொண்டு வந்துள்ளனர். அவர்கள் கண்ட விடைகளுள் சில பலித்தன. சில வேறு துன்பங்களைக் கொணர்ந்தன. அவ்வரலாற்றையே இங்கு ஒருவாறு எடுத்துரைக்க விழைகிறோம்.

முதற்கண் கழிமுகத்தின் இயல்பை அறிதல் வேண்டும். கடலோதம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை வடிகிறது. ஏறும்போது கலங்கிய நீர் ஆற்றுக் கிளைகளின் வழியே உட்புகுந்து, தாழ்நிலங்களிற் பரவி, வண்டலை இட்டுவிட்டுத் தெளிகிறது. வடியும்போது அந்நீர் விரைந்து ஓடி ஆற்றின் அடியை அரித்து ஆழமாக்குகிறது. ஆகவே நிலம் உயர்வதும் ஆறு ஆழமாயிருப்பதும் ஒரே இயக்கத்தின் இரு பயன்களாம். கழிமுகத்து மண் புதிது, இளகியது, தன் பளுவினாலேயே சிறிது சிறிதாகத் தாழும் தன்மையது. ஆண்டுதோறும் புது வண்டல் ஏறிக்கொண்டிருந்தால்தான் அத்தாழ்வு ஈடுசெய்யப்படும். வண்டல் வரவு நின்றால் நிலம் தாழ்ந்து கொண்டே போகும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால் பின்வரும் நிகழ்ச்சிகள் எளிதில் விளங்கும்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1793-ஆம் ஆண்டு வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டம் ஏற்பட்டது. ஜமீன்தார்கள் தத்தம் நிலப்பகுதியை விரிவாக்கும் நோக்குடன் சுந்தரவனக் காடுகளை வெட்டித் திருத்தச் செய்தனர். உவர்நீர் புகும் நிலத்தில் நெல் விளையாது. ஆதலின் தாழ்வான மண்கரைகளும் மரத்தாலான மதகுகளும் அமைக்கப்பட்டன. இக்கரைகளுக்கு 'எட்டு மாதக் கரை' என்னும் பொருளில் அஷ்டமாசி பந்து என்று பெயர். பயிர்க்காலம் உள்ளிட்ட எட்டு மாதங்கள் கரை நின்று உவர்நீரைத் தடுக்கும். அறுவடை முடிந்தபின் எஞ்சிய மாதங்களில் ஓதநீர் வயலேறி வண்டல் இடும். மறு பருவத்திற்குக் கரை மீண்டும் கட்டப்படும். இது நீரியல் அறிவு நிரம்பிய ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. எனினும் அதனை ஒரு பொற்காலமாகக் கருதிவிடுதல் பொருந்தாது. ஆண்டுதோறும் மண் சுமந்து கரை கட்டிய குடியானவனின் உழைப்பின் பயன் பெரும்பாலும் ஜமீன்தாரையே சேர்ந்தது. அன்றியும், அத்தாழ்ந்த கரைகள் நாள்தோறும் வரும் ஓதத்தைத் தாங்குமேயன்றிப் பெரும்புயலைத் தாங்கமாட்டா.

அதனை 1876-ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாளிரவு தொடங்கிப் பாக்கர்கஞ்ச் மாவட்டத்தைத் தாக்கிய புயல், மேக்னாவின் கழிமுகத்திற் கடலையே நிலத்தின்மீது ஏற்றிவிட்டது. ஏறத்தாழ 1 லட்சம் பேர் நீரில் மாண்டனர்; பின்னர்ப் பரவிய வாந்திபேதியால் ஏறத்தாழ அதே அளவினர் மாண்டனர் என்று கூறப்படுகிறது. 1864-ஆம் ஆண்டின் கல்கத்தாப் புயலையும் அதன்பின் வந்த பஞ்சங்களையும் ஒட்டி, இந்திய வானிலைத் துறை 1875-இல்தான் நிறுவப்பட்டிருந்தது. பாக்கர்கஞ்ச் புயலைக் குறித்து ஜான் எலியட் விரிவான அறிக்கை ஒன்று வரைந்தார். புயலின் போக்கை அறியும் அறிவு வளரத் தொடங்கியது. ஆனால் அவ்வறிவு கடலோரக் குடிசையில் வாழ்பவனைச் சென்றடைய இன்னும் நூறாண்டு ஆகவேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வெள்ளத்தைக் கரையிட்டு அடக்குவது எவ்வளவு தக்கது என்பது குறித்துக் கல்கத்தாவிலேயே சொற்போர் நிகழ்ந்தது. எகிப்தின் அஸ்வான் அணைக்குத் திட்டம் வகுத்த சர் வில்லியம் வில்காக்ஸ், கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் சொற்பொழிவுகள் ஆற்றினார். செந்நிறப் புதுவெள்ளத்தை வயல்களுக்குத் திருப்பி, மண்ணைச் செழிப்பிப்பதே வங்காளத்தின் பண்டை முறை என்றும், பிற்காலத்துக் கரைகள் அதனைக் கெடுத்து, நிலவளத்தைக் குறைத்து, மலேரியாக் காய்ச்சலைப் பெருக்கின என்றும் அவர் வாதிட்டார். அவருடைய வரலாற்று முடிபுகள் அனைத்தையும் அறிஞர் ஏற்றுக்கொண்டனர் எனல் இயலாது. எனினும் அவர் எழுப்பிய வினா கருதத்தக்கது. அதே காலத்தில், 1922-ஆம் ஆண்டின் வட வங்காள வெள்ளத்தை ஆராய்ந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், அரை நூற்றாண்டின் மழைக் கணக்குகளைத் தொகுத்துப் பார்த்தார். பெருஞ்செலவில் வெள்ளத்தைத் தேக்கி வைக்கும் திட்டத்தாற் பயனில்லை என்றும், நீர் விரைவில் வடிய வழி செய்வதே தேவை என்றும் அவர் கண்டார். நீரைத் தடுப்பதா, நீருக்கு வழி விடுவதா என்னும் வினா அன்றே இவ்வாறு தெளிவாகக் கேட்கப்பட்டுவிட்டது.

1947-இல் நாடு பிரிந்தது. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானின் பகுதியாயிற்று. 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கு ஜமீன்தாரி முறை ஒழிக்கப்பட்டது. உழவருக்கு அது விடுதலையே. ஆனால் கரைகளைப் பேணும் பொறுப்பு எவருடையது என்பது தெளிவின்றிப் போயிற்று. பழைய கரைகள் சிதைந்தன. உவர்நீர் வயல்களிற் புகுந்தது. 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்துப் பெருவெள்ளங்களும் நேர்ந்தன. ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில், அமெரிக்கராகிய ஜூலியஸ் குருக் தலைமையில் வந்த குழு 1957-இல் அறிக்கை அளித்தது. 1959-இல் நீர்வளத்திற்கும் மின்சாரத்திற்கும் தனி ஆணையம் ஒன்று நிறுவப்பட்டது. அவ்வாணையம் 1960-களில் கடலோரக் கரைத்திட்டத்தைத் தொடங்கி நடத்தியது.

இத்திட்டம் ஹாலந்து நாட்டின் முறையைப் பின்பற்றியது. ஆறுகளுக்கிடையே உள்ள ஒவ்வொரு நிலத்திட்டையும் சுற்றிலும் நிலையான மண்கரை எழுப்பி, இடையிடையே மதகு வைத்தனர். இத்தகைய நிலத்திற்கு டச்சு மொழியில் போல்டர் என்று பெயர். வங்காளத்து உழவரும் அச்சொல்லையே ஏற்றுக்கொண்டுவிட்டனர். தமிழில் அதனைக் கரைசூழ் நிலம் எனலாம். இன்று இத்தகைய 139 நிலங்கள் உள்ளன. 12 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் இவற்றால் உவர்நீரினின்று காக்கப்படுகிறது. தொடக்கத்தில் விளைந்த நன்மை கண்கூடு. உவர்ப்பால் தரிசாய்க் கிடந்த வயல்களில் நெல் விளைந்தது, விளைச்சல் பெருகியது. பட்டினியை அறிந்த மக்களுக்கு அது சிறிய பேறன்று. பிற்காலக் குறைகளைக் கூறுமுன் இதனை மறவாது சொல்லுதல் கடமையாகும்.

ஆயினும் அக்கரைகள் அன்றாட ஓதத்தின் உயரத்தைக் கணக்கிற் கொண்டு கட்டப்பட்டவை. புயற்காலக் கடற்பெருக்கிற்காகக் கட்டப்பட்டவை அல்ல. 1970-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் இரவு போலாத் தீவையும் அதனைச் சூழ்ந்த கடலோரத்தையும் தாக்கிய புயலில் 3 லட்சம் முதல் 5 லட்சம் வரை மக்கள் மாண்டனர். மனிதர் எழுதிவைத்த வரலாற்றில் அதனினும் கொடிய புயற்சாவு வேறில்லை. புயல் வருவது வானிலை அறிஞருக்குத் தெரிந்தேயிருந்தது. அச்செய்தியை ஊர்தோறும் கொண்டுசென்று, மக்களை மேட்டுநிலத்திற்கு அழைத்துச் செல்ல ஓர் அமைப்பு இல்லை. செல்வதற்குப் போதிய மேட்டுநிலமும் இல்லை. அத்துயரில் மத்திய அரசு காட்டிய மந்தம் மக்களின் சினத்தை மூட்டியது. அடுத்த மாதமே நடந்த பொதுத் தேர்தலிலும், 1971-இன் விடுதலைப் போரிலும் அச்சினத்திற்குப் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

புதிய நாடு பிறந்ததும் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று புயல் எச்சரிக்கைத் தொண்டர் படையை அமைத்தல். 1972-இல் செஞ்சிலுவைச் சங்கம் அதனைத் தொடங்கியது. மறு ஆண்டு அரசும் அதன் பொறுப்பிற் பங்கு கொண்டது. தொண்டர் அனைவரும் அவ்வவ்வூரினர். தலைநகரிலிருந்து செய்தி வந்ததும் அவர்கள் ஒலிபெருக்கிக் குழலும் கைச்சங்கும் ஏந்தி வீடுவீடாகச் செல்வர். இடரின் அளவைக் காட்ட ஒரு கொடி, இரு கொடி, முக்கொடி என ஏற்றுவர். எழுத்தறியாதவரும் கொடியை எண்ணி அறிந்துகொள்வர். வானொலிப் பெட்டியும் இப்பணியிற் பெருந்துணையாயிற்று. மக்களும் கால்நடைகளும் ஒதுங்குவதற்கு மண்மேடுகளும், பின்னர் கான்கிரீட் புகலிடங்களும் எழுந்தன.

இம்முயற்சி ஒரே நாளிற் கனிந்துவிடவில்லை. 1991-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் சிட்டகாங் கடற்கரையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். மாண்டவருள் பெண்களே ஆடவரினும் மிகுதி என்பது பின்னர்த் தெரிந்தது. கணவரின் சொல்லை எதிர்பார்த்து வீட்டிலேயே காத்திருந்தவர் பலர். ஆடவர் கூட்டம் நிறைந்த புகலிடத்தில் ஒதுங்க நாணியவர் பலர். குழந்தைகளை இடுப்பிற் சுமந்து, சேலை காலைத் தடுக்க, நீந்த இயலாமற் போனவர் பலர். இவ்வறிவு வீண்போகவில்லை. புதிய புகலிடங்களிற் பெண்களுக்குத் தனி அறைகள் ஒதுக்கப்பட்டன. மற்றை நாட்களில் அவை பள்ளிக்கூடங்களாகப் பயன்பட்டமையால், மக்களுக்குப் பழகிய இடங்களாயின. தொண்டர் படையிற் பெண்கள் மிகுதியாகச் சேர்க்கப்பட்டனர். இன்று ஏறத்தாழ 76,000 தொண்டர் உள்ளனர். அவருள் பாதிப்பேர் பெண்கள். 2007 நவம்பரில் வந்த சித்ர் புயலில் இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். 2020 மே மாதம், தொற்றுநோய்க் காலத்தில், அம்பன் புயல் வந்தபோது 20 லட்சத்திற்கு மேற்பட்டோர் புகலிடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். வங்கதேசத்தில் இறந்தோர் தொகை நூற்றை எட்டவில்லை. புயல்கள் யாவும் ஒரே வலிமையின அல்ல. ஒரே இடத்தைத் தாக்கியனவும் அல்ல. ஆயினும் ஐம்பது ஆண்டுகளில் லட்சங்களாக இருந்த சாவு இவ்வளவு குறைந்தமைக்கு ஊர்மக்களின் ஒழுங்கமைந்த தொண்டு ஒரு பெருங்காரணம் என்பதை எவரும் மறுக்கவியலாது.

உயிரைக் காப்பதில் இவ்வெற்றி கிட்டிவந்த காலத்திலேயே, நிலத்தைக் காப்பதில் வேறொரு துன்பம் வளர்ந்து வந்தது. நிலையான கரைகள் ஓதநீரை வயலுக்குள் விடவில்லை. ஆகவே வண்டல் வயலில் ஏறாமல் ஆற்றின் அடியிலேயே தங்கியது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஆற்றுப்படுகை உயர்ந்தது. கரைக்குள் இருந்த நிலம் தாழ்ந்தது. மழைநீர் மதகு வழியே வடியும் நிலை போயிற்று. 1980-களில் குல்னா, ஜெஸ்ஸோர் பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் ஆண்டு முழுதும் நீரில் நின்றது. உவர்நீரைத் தடுக்கக் கட்டிய கரைக்குள் மக்கள் மழைநீரில் மூழ்கினர்.

இதனுடன் இறால் வளர்ப்பும் வந்து சேர்ந்தது. ஏற்றுமதியில் இலாபம் மிக்கதாகிய அத்தொழிலுக்கு உவர்நீர் வேண்டும். செல்வாக்குடையோர் கரையைத் துளைத்து உவர்நீரை உள்ளே விட்டனர். நெற்பயிரும், கால்நடைத் தீவனமும், குடிநீர்க் குளங்களும் கெட்டன. கூலிக்கு நாற்று நடுவோர் வேலையிழந்தனர். 1990 நவம்பர் 7-ஆம் நாள், குல்னா மாவட்டத்து ஹரின்கோலா என்னும் ஊரில், இறாற்பண்ணை அமைப்பதை எதிர்த்த நிலமற்றோர் ஊர்வலத்தில் முன்னின்ற கருணாமயி சர்தார் என்னும் பெண்மணி கொல்லப்பட்டார். அவ்வூரார் ஆண்டுதோறும் அந்நாளில் அவரை நினைவுகூர்கின்றனர்.

அதே 1990-ஆம் ஆண்டில் டாகாத்தியா என்னும் தாழ்நிலத்து மக்கள் தாமே கரையை வெட்டி ஆற்றுநீரை உள்ளே விட்டனர். 1997-இல் பாய்னா என்னும் தாழ்நிலத்தாரும் அவ்வாறே செய்தனர். அரசின் உடைமையைச் சிதைத்த குற்றமாக முதலில் கருதப்பட்ட அச்செயலின் பயன் வியக்கத்தக்கதாயிருந்தது. ஓதம் நாள்தோறும் ஏறி இறங்கியதால் தூர்ந்து கிடந்த ஹரி ஆறு பல மீட்டர் ஆழம் பெற்றது. சுற்றுப்புறத்து ஊர்களிலெல்லாம் தேங்கிய நீர் வடிந்தது. நான்கு ஆண்டுகளில் பாய்னாவின் நிலம், குறிப்பாக வெட்டிய வாயை அடுத்த பகுதி, வண்டலால் நன்கு மேடாயிற்று. பொறியியல் வல்லுநர் வந்து அளந்து பார்த்தனர். பின்னர் அரசே இம்முறையை 'ஓத ஆற்று மேலாண்மை' என்னும் பெயரால் ஏற்று, கேதாரியா, கிழக்குக் குக்சியா முதலிய தாழ்நிலங்களில் மேற்கொண்டது. ஒரு தாழ்நிலத்தைச் சில ஆண்டுகள் ஓதத்திற்குத் திறந்து விடுவது, அது மேடானபின் மூடி மற்றொன்றைத் திறப்பது என்பதே இம்முறையின் சாரம். எட்டு மாதக் கரையின் பழைய அறிவு புதிய உருவில் மீண்டது என்றே சொல்லலாம்.

2009 மே மாதம் அய்லாப் புயல் வந்தபோது இவ்வுண்மை மற்றொரு வகையில் வெளிப்பட்டது. மாண்டவர் தொகை இருநூற்றுக்கு உட்பட்டதே. ஆனால் பல கரைகள் உடைந்து, சில கரைசூழ் நிலங்கள் இரண்டாண்டுக் காலம் ஓதத்தில் முழுகிக் கிடந்தன. மக்கள் கரைமேலேயே குடிசை கட்டி வாழ்ந்தனர். சுந்தரவனத்தை அடுத்த 32-ஆம் எண் நிலத்தை ஆராய்ந்த அறிஞர்கள், கரைக்குள் உள்ள நிலம் வெளியே உள்ள கண்டற்காட்டு நிலத்தைவிட 1 முதல் 1.5 மீட்டர் வரை தாழ்ந்திருப்பதைக் கண்டனர். ஓதம் நாள்தோறும் ஏறும் காட்டுநிலமோ கடல் உயர்வுக்கு ஈடுகொடுத்து உயர்ந்தே வந்திருக்கிறது. அந்நூற்றாண்டில் உலகக் கடல் உயர்ந்த அளவு 20 சென்டிமீட்டர் என முன்னர்க் கண்டோம். கரையால் நேர்ந்த தாழ்வு, ஐம்பது ஆண்டுகளுக்குள், அதனினும் பன்மடங்கு ஆகும்.

ஆதலின் கரைகளையெல்லாம் இடித்துவிடலாம் என்பது முடிபாகாது. அவற்றின் காவலில் பல லட்சம் குடும்பங்கள் வாழ்கின்றன. கடலும் உயர்ந்துகொண்டே வருகிறது. வங்கதேச அரசு 2009-இல் பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் திட்டம் ஒன்றை வகுத்து, தன் சொந்த வருவாயிலிருந்தே நிதியம் ஏற்படுத்தியது. உலகின் கரிவாயு வெளியீட்டில் அந்நாட்டின் பங்கு நூற்றில் ஒன்றினும் குறைவு என்பதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும். 2018-இல் ஹாலந்து நாட்டின் துணையுடன் 2100-ஆம் ஆண்டு வரைக்குமான கழிமுகத் திட்டமும் ஏற்கப்பட்டது. அன்றியும், பிரோஜ்பூர், கோபால்கஞ்ச் முதலிய மாவட்டங்களில் ஆகாயத்தாமரையை அடுக்கிப் பாத்தி அமைத்து, நீரின்மேல் மிதக்கவிட்டுக் காய்கறி பயிரிடும் பழைய முறை இன்றும் வழக்கிலிருக்கிறது. உலக உணவு, வேளாண்மை நிறுவனம் 2015-இல் அதனை உலக வேளாண் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

எனினும் தீராத வினா ஒன்று உண்டு. தாழ்நிலத்தை ஓதத்திற்குத் திறந்துவிட்டால், சில ஆண்டுகளுக்கு அங்கு நெல் விளையாது. அதனால் ஊர் முழுதும் நன்மை பெறும். இழப்பு மட்டும் அந்நிலத்தாருடையது. இழப்பீடு தருவதாகச் சொல்லப்பட்ட இடங்களிலும் அது காலந்தாழ்த்தே வந்தது. பட்டா முதலிய ஆவணங்களில் சிக்கல் உடையோர் அதனைப் பெற இயலாது தவித்தனர். வாரத்திற்குப் பயிரிடுவோருக்கும் கூலியாளருக்கும் காட்டுவதற்கு ஆவணமே இல்லை. ஆகவே சில இடங்களில் மக்களே இம்முறையை எதிர்த்து நின்றனர். அவர்கள் கண்டுபிடித்த முறையை அவர்களே எதிர்க்க நேர்ந்தது வருந்தத்தக்கது. அவ்வெதிர்ப்பு அறியாமையால் எழுந்ததன்று. அடுத்த வேளை உணவைப் பற்றிய கவலையால் எழுந்தது.

இவ்வரலாறு நமக்கும் அயலானதன்று. சுந்தரவனத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு நம் மேற்கு வங்க மாநிலத்தில் உள்ளது. அங்கும் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளத்திற்குக் கரைகள் உள்ளன; அய்லா அங்கும் அவற்றை உடைத்தது; அங்கும் நிலம் தாழ்கிறது. கழிமுகத்தை ஊட்டும் நீரும் மண்ணும் நம் நாட்டைக் கடந்தே அங்குச் செல்கின்றன. ஆகவே அந்நாட்டார் அறிந்தவற்றை நாம் அறிதலும், நாம் அறிந்தவற்றை அவர்களோடு பகிர்தலும் இரு நாடுகளுக்கும் நலம் தரும்.

போலாவின் துயருக்குப்பின், எச்சரிக்கை ஒவ்வொரு குடிசைக்கும் சென்று சேரவேண்டும் என்று அந்நாடு துணிந்தது. அதனால் உயிர்ச்சேதம் குறைந்தது. வண்டல் ஏறும் ஆண்டுகளில் நிலத்தை விட்டுக்கொடுக்கும் உழவனும் கூலியாளும் பசியின்றி இருத்தல் வேண்டும் என்பதிலும் அதே துணிவு பிறக்குமாயின், கடல் உயரும் இக்காலத்திலும் அந்நிலம் உயர்வதற்கு வழி உண்டு. அதற்கு வேண்டிய மண்ணை ஆறுகள் இன்னும் கொண்டுவந்து கொண்டுதான் இருக்கின்றன.